பந்தயத்தில் இறந்த ஜாக்கியின் குடும்பத்தைத் தேடுவது எப்படி? ஆஸ்திரேலிய ஆவணங்கள் வழியே ஒரு முழுமையான வழிகாட்டி

குடும்ப வரலாறு தேடுபவர்கள் பொதுவாகத் தாத்தா பாட்டியிடமிருந்து தொடங்கிப் பின்னோக்கிப் போவார்கள். குதிரைப் பந்தயத்தில் விழுந்து இறந்த ஜாக்கிக்கு (குதிரையை ஓட்டுபவருக்கு) அந்த வழி பெரும்பாலும் கிடையாது. இறந்தவர்களில் பலர் மணமாகாத இளைஞர்கள். பதினான்கு, பதினைந்து வயதில் பயிற்சியாளரிடம் சேர்ந்த பையன்களும் அவர்களில் உண்டு. நேர் வாரிசு இல்லை என்பதால் தேடலை இறந்த நாளிலிருந்து தொடங்கிப் பக்கவாட்டில் நகர்த்த வேண்டும்: தாய், அண்ணன் தம்பிகள், மணமாகிப் பெயர் மாறிய அக்கா தங்கைகள்.

இந்தத் தேடலுக்கு ஆஸ்திரேலியாதான் நல்ல களம். அங்கே பழைய நாளிதழ்கள் இலவசமாக இணையத்தில் கிடைக்கின்றன. பிறப்பு இறப்புப் பதிவுகள் விரிவானவை, மரண விசாரணைக் கோப்புகளும் பல மாநிலங்களில் பிழைத்திருக்கின்றன. ஆனால் எந்தத் தாளைக் கையில் எடுத்தாலும் முதலில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று உண்டு. இதில் உள்ள விவரத்தைச் சொன்னவர் யார், குடும்பத்தாரா, குதிரை லாயத்தாரா? வயது, பிறந்த ஊர், தகப்பன் பெயர் ஆகியவற்றை எவ்வளவு நம்பலாம் என்பது இதற்குக் கிடைக்கும் பதிலைப் பொறுத்தது.

முதல் படி: ஜாக்கியின் பெயரை விட்டுக் குதிரையின் பெயரைப் பிடியுங்கள்

பழைய பந்தயச் செய்திகளில் ஜாக்கிக்குக் குடும்பப் பெயர் மட்டும்தான் இருக்கும். ஸ்மித், ரயன், டனவன் என்று தேடினால் ஆயிரக்கணக்கான பக்கங்கள் வந்து குவியும். குதிரையின் பெயர் அப்படியல்ல. ஒரு பருவத்தில் ஒரு வட்டாரத்தில் அந்தப் பெயரில் ஒரு குதிரைதான் ஓடியிருக்கும். அதனால் முதலில் நான்கு விவரங்களைத் தேடி எழுதிக்கொள்ளுங்கள்: மைதானம், தேதி, பந்தயத்தின் பெயர், குதிரையின் பெயர். முடிவுப் பட்டியலில் குதிரை, சுமந்த எடை, ஜாக்கி ஆகிய மூன்றும் ஒரே வரியில் வரும். எடை ஸ்டோன் கணக்கில் இருக்கும். ஒரு ஸ்டோன் 14 பவுண்டு, அதாவது 6.35 கிலோ. ஆறரை ஸ்டோன் சுமந்த குதிரையின் மேல் இருந்தவர் பெரும்பாலும் பையன்தான். வயதை ஊகிக்க அந்த எண்ணும் ஒரு துப்பு.

விழுந்த நாளும் இறந்த நாளும் ஒன்றாக இருக்க வேண்டும் என்பதில்லை. சனிக்கிழமை விழுந்தவர் மருத்துவமனையில் மூன்று வாரம் கிடந்து இறந்திருக்கலாம். பந்தயச் செய்தியில் 'காயம் பலமில்லை' என்றுகூட எழுதியிருப்பார்கள். விபத்து நாளிலிருந்து இரண்டு மாதம் வரை தேதி வரம்பை விரித்துத் தேடுங்கள். பந்தயத்தில் அல்லாமல் அதிகாலைப் பயிற்சி ஓட்டத்தில் இறந்தவர்களும் ஏராளம். அவர்களைப் பந்தயப் பக்கத்தில் தேடுவது வீண். உள்ளூர்ச் செய்திப் பத்தியில் நாலு வரியாக இருப்பார்கள்.

இரண்டாம் படி: ட்ரோவில் தேடும் முறை

ஆஸ்திரேலிய தேசிய நூலகம் நடத்தும் ட்ரோவ் தளத்தில் 1803 முதல் பெரும்பாலும் 1954 வரையிலான நாளிதழ்கள் உள்ளன. மெல்பர்னின் 'ஆர்கஸ்' 1957 வரை கிடைக்கும். விளையாட்டுக்கென்றே வந்த சிட்னியின் 'ரெஃப்ரி', மெல்பர்னின் 'ஸ்போர்ட்டிங் குளோப்' இரண்டையும் தவறாமல் பாருங்கள். பொதுப் பத்திரிகை இரண்டு வரியில் முடித்ததை இவை இறந்தவர் எந்த லாயத்தில் வளர்ந்தார், அண்ணனும் ஜாக்கியா என்பது வரை எழுதியிருக்கும்.

அச்சை எழுத்தாக மாற்றியது இயந்திரம் என்பதை மறக்காதீர்கள். ஆங்கில 'எம்' எழுத்தை அது 'ஆர்', 'என்' என்று இரண்டாக உடைத்துப் படிக்கும். 'சி'யும் 'எல்'லும் ஒட்டியிருந்தால் 'டி' என்று எடுத்துக்கொள்ளும். பெயர் அகப்படவில்லை என்றால் இந்தப் பிழைகளை நீங்களே வேண்டுமென்று செய்து தேடிப் பாருங்கள். தளம் தானாகவே ஒத்த சொற்களையும் சேர்த்துக் காட்டும். அது தொல்லையாக இருந்தால், தேடுசொல்லுக்கு முன் ஃபுல்டெக்ஸ்ட் என்று ஆங்கிலத்தில் தட்டி முக்காற்புள்ளி (:) இடுங்கள். எழுதிய சொல் மட்டும் வரும்.

குதிரையின் பெயருடன் 'விழுந்தது', 'ஜாக்கி', 'விசாரணை' ஆகியவற்றுக்கான ஆங்கிலச் சொற்களை ஒவ்வொன்றாகச் சேர்த்துத் தேடுங்கள். எல்லாவற்றையும் ஒரே தேடலில் போட்டால் ஒன்றும் வராது.

தந்திச் செய்தியை மட்டும் நம்பி எழுதிவிடக் கூடாது. 1885இல் மெல்பர்னின் கால்ஃபீல்ட் கோப்பைப் பந்தயத்தில் 41 குதிரைகள் ஓடின. ஏறக்குறைய பதினைந்து குதிரைகள் ஒன்றன்மேல் ஒன்று விழுந்தன. பல ஜாக்கிகள் காயமடைந்தார்கள், ஒருவர் இறந்தார். இப்படிப்பட்ட விபத்தில் அன்று மாலையே வெளியூருக்குப் போன செய்தியில் யார் இறந்தவர், யார் காயம்பட்டவர் என்பது எளிதில் குழம்பிவிடும். விபத்து நடந்த ஊரின் பத்திரிகை, அதிலும் இரண்டு மூன்று நாள் கழித்து வந்த விசாரணைச் செய்தி, இவற்றையே ஆதாரமாக வையுங்கள்.

பதிவு பெறாத பந்தயங்களும் இருந்தன. சிட்னியில் கென்சிங்டன், ரோஸ்பெரி, ஆஸ்காட், விக்டோரியா பார்க் மைதானங்களில் நடந்த மட்டக்குதிரைப் பந்தயங்கள் ஆஸ்திரேலிய ஜாக்கி கிளப்பின் ஆளுகைக்கு வெளியே இருந்தவை. அங்கே இறந்தவரைக் கிளப்பின் அதிகாரபூர்வப் பந்தய நாட்காட்டியில் தேடிக் காணாமல், அவர் ஜாக்கியே இல்லை என்று முடிவு கட்டிவிடாதீர்கள்.

மூன்றாம் படி: பெயர் உண்மையான பெயர்தானா?

இங்கேதான் பெரும்பாலான தேடல்கள் தடம் புரள்கின்றன. லாயத்துக்கு வந்த பையன் எந்தப் பெயரைச் சொன்னானோ, எந்தப் பெயரில் கூப்பிட்டார்களோ, அதுவே பந்தயப் பட்டியலில் ஏறிவிடும். மாற்றாந்தகப்பன் பெயர், வளர்த்த மாமன் பெயர், வீட்டை விட்டு ஓடிவந்தவன் தானாக வைத்துக்கொண்ட பெயர் என எதுவாகவும் இருக்கலாம். இதற்கு நல்ல உதாரணம் 1876 மெல்பர்ன் கோப்பையை பிரைசீஸ் குதிரையில் வென்ற சிறுவன் பீட்டர் செயின்ட் ஆல்பன்ஸ். அவர் பந்தயத்தில் இறந்தவர் அல்ல என்றாலும் இங்கே நினைவில் வைக்க வேண்டியவர். செயின்ட் ஆல்பன்ஸ் என்பது ஜீலாங் அருகே அவர் வேலை பார்த்த குதிரைப் பண்ணையின் பெயர். குடும்பப் பெயர் பௌடன். செயின்ட் ஆல்பன்ஸ் என்ற குடும்பத்தைப் பிறப்புப் பதிவில் தேடுபவருக்கு ஒன்றும் அகப்படாது.

அயர்லாந்து வம்சாவளிப் பெயர்களில் முன்னால் வரும் 'ஓ' விழுந்துவிடும், 'மெக்' என்பது 'மேக்' ஆகும். ஒவ்வொரு ஜாக்கிக்கும் எழுத்து வேறுபாடுகளின் பட்டியல் ஒன்றை முதலிலேயே தயாரித்துக்கொண்டு, ஒவ்வொரு பதிவேட்டிலும் அத்தனையையும் தேடுங்கள். வயதிலும் இதே கவனம் வேண்டும். பத்திரிகை 'பதினான்கு வயதுச் சிறுவன்' என்னும், சான்றிதழ் பதினேழு என்னும். பிறப்புத் தேடலில் முன்னும் பின்னும் நான்கு வருடம் இடம் விடுங்கள்.

நான்காம் படி: இறப்புப் பதிவு

இன்றைய மாநிலங்கள் அன்று தனித்தனிக் குடியேற்றங்கள். பதிவு முறை ஒவ்வொரு குடியேற்றத்திலும் ஒவ்வோர் ஆண்டில் தொடங்கியது: டாஸ்மேனியா 1838, மேற்கு ஆஸ்திரேலியா 1841, தெற்கு ஆஸ்திரேலியா 1842, விக்டோரியா 1853, நியூ சவுத் வேல்ஸும் குயின்ஸ்லாந்தும் 1856. அதற்கு முந்தையவை தேவாலயப் பதிவுகள். இணையத்தில் தேடக் கிடைப்பவற்றுக்குக் கால வரம்பு உண்டு. விக்டோரியாவில் பிறப்பு 100 ஆண்டு, திருமணம் 60, இறப்பு 30 ஆண்டு கடந்திருக்க வேண்டும். நியூ சவுத் வேல்ஸில் திருமணத்துக்கு மட்டும் 50 ஆண்டு, மற்ற இரண்டும் அதேதான்.

விக்டோரியா, நியூ சவுத் வேல்ஸ் இறப்புச் சான்றிதழ்கள் ஒரு சிறு குடும்ப மரமே. பெற்றோர் பெயர், தாயின் பிறந்த வீட்டுக் குடும்பப் பெயர், தகப்பன் தொழில், இறந்தவர் பிறந்த ஊர், குடியேற்றத்தில் எத்தனை ஆண்டு இருந்தார், எங்கே யாரை மணந்தார், பிள்ளைகள் பெயரும் வயதும் எல்லாம் கேட்டு எழுதும் படிவம் அது. பழைய தெற்கு ஆஸ்திரேலியச் சான்றிதழில் பெற்றோர் பெயர் இருக்காது; அதற்குப் பணம் கட்டும் முன் இதைத் தெரிந்துகொள்வது நல்லது.

கேட்டு எழுதும் படிவம் என்றேன் அல்லவா, கேட்டவருக்குப் பதில் சொல்ல ஆள் வேண்டும். பந்தய மரணம் விபத்து மரணம் என்பதால் கொரோனரிடம், அதாவது மரண விசாரணை நடத்தும் அதிகாரியிடம், போகும். அப்போது பதிவாளருக்குத் தகவல் தருபவர் கொரோனராகவோ காவலராகவோ இருப்பார். பெற்றோர் கட்டத்தில் 'தெரியாது' என்று விழுந்துவிடும். பயிற்சியாளர் தகவல் தந்திருந்தால் பையனின் முதல் பெயர்கூடப் பிழையாக இருக்கலாம். ஆகவே சான்றிதழ் வந்ததும் முதலில் தகவல் தந்தவர் பெயரைப் படியுங்கள், மற்றதை அப்புறம் படிக்கலாம்.

பதிவு மாவட்டத்திலும் சறுக்கல் உண்டு. மரணம் பதிவாவது இறந்த இடத்தில்தான், விழுந்த இடத்தில் அல்ல. கால்ஃபீல்டில் விழுந்து ஆல்ஃபிரட் மருத்துவமனையில் இறந்தவர் பிரான் மாவட்டத்தில் இருப்பார். கிராமத்து மைதானத்தில் விழுந்தவரை ரயிலில் ஏற்றி அடுத்த பெரிய ஊருக்குக் கொண்டுபோயிருந்தால் அந்த ஊரில் பாருங்கள்.

ஐந்தாம் படி: மரண விசாரணைக் கோப்பு

சான்றிதழில் வெற்றிடமாக இருப்பதை இந்தக் கோப்பு பெரும்பாலும் நிரப்பிவிடும். விக்டோரியா பொது ஆவணக் காப்பகத்தில் 1840 முதல் 1985 வரையிலான விசாரணை வாக்குமூலக் கோப்புகள் விபிஆர்எஸ் 24 என்ற தொடரில் உள்ளன. பழைய கோப்புகள் ஸ்கேன் செய்யப்பட்டு இலவசமாகக் கிடைக்கின்றன. உள்ளே பொதுவாக இருப்பவை: அடையாளம் காட்டியவரின் வாக்குமூலம், சம்பவத்தைப் பார்த்த சக ஜாக்கிகள், மைதான அதிகாரி, சிகிச்சை செய்த மருத்துவர் ஆகியோரின் வாக்குமூலங்கள், இறுதித் தீர்ப்பு.

அடையாள வாக்குமூலத்தை நிறுத்தி நிதானமாகப் படியுங்கள். 'இறந்தவன் என் மகன், இன்ன ஊரில் பிறந்தவன், மணமாகாதவன்' என்று தகப்பன் சொல்லிக் கையெழுத்திட்டிருந்தால், முகவரியும் தொழிலும் சேர்ந்தே கிடைக்கும். அண்ணன் வந்திருந்தால் அவர் பெயரில் புதிய தேடல் தொடங்கலாம். கையெழுத்துக்குப் பதிலாகப் பெருக்கல் குறி இருந்தால் அவருக்கு எழுதத் தெரியாது. அந்தக் குடும்பத்தின் பெயர் ஆவணத்துக்கு ஆவணம் எழுத்து மாறுவதற்குக் காரணமும் அதுவாக இருக்கலாம்.

நியூ சவுத் வேல்ஸில் பல ஆண்டுகளின் விசாரணைத் தாள்கள் பிழைக்கவில்லை. பதிவேட்டில் ஒரு வரி இருக்கும், அவ்வளவே. அங்கே உள்ளூர்ப் பத்திரிகையில் வந்த விசாரணைச் செய்திதான் கோப்புக்கு மாற்று. கொரோனர் இல்லாத ஊர்களில் மாஜிஸ்திரேட் விசாரணை நடந்திருக்கும் என்பதால் அந்தச் சொல்லையும் போட்டுத் தேடுங்கள்.

ஆறாம் படி: தாய் எழுதிய வரிகள்

லாயத்தார் வாயிலிருந்து வராமல் குடும்பமே எழுதிய ஆவணம் பத்திரிகையின் குடும்ப அறிவிப்புப் பத்தி. ட்ரோவில் இதற்கெனத் தனி வடிகட்டி உண்டு. 'ஃபேமிலி நோட்டீசஸ்' என்பதைத் தேர்ந்தெடுத்தால் செய்திகள் விலகி அறிவிப்புகள் மட்டும் நிற்கும். இதில் மூன்று வகையைத் தேட வேண்டும்.

இறப்பு அறிவிப்பு விபத்துக்கு மறுநாளோ அடுத்த நாளோ வரும். 'இன்னாரின் மூன்றாம் மகன்' என்ற ஒரே சொற்றொடர் பெற்றோர் பெயரையும் உடன்பிறந்தோரில் அவர் இடத்தையும் தந்துவிடும். அடுத்தது இறுதி ஊர்வல அறிவிப்பு. ஊர்வலம் எந்த வீட்டிலிருந்து புறப்படும் என்று அதில் இருக்கும். அந்த வீட்டு முகவரியை வைத்து வாக்காளர் பட்டியலில் குடும்பத்தைப் பிடிக்கலாம். மூன்றாவது நினைவு அறிவிப்பு. எங்கள் கணிப்பில் இந்தத் தேடல் முழுவதிலும் மிக அதிகம் தருவது இதுதான்; பலர் பார்க்காமல் விடுவதும் இதையேதான். இறந்த தேதியில், ஒரு வருடம், இரண்டு வருடம், ஐந்து, பத்து வருடம் கழித்து வந்த இதழ்களை ஒவ்வொன்றாகத் திறந்து பாருங்கள். 'அன்புத் தாயும் சகோதரிகளும்' என்று முதல் வருடம் வந்தது, ஏழாம் வருடம் மணமான சகோதரியின் புதுப் பெயரோடும் புது ஊரோடும் வரும். இன்று உயிரோடு இருக்கும் உறவினர்களைக் கண்டுபிடிக்க அந்தப் பெயர்தான் வழி.

இவற்றுடன் உதவி நிதிச் செய்திகளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். மனைவி மக்களை விட்டு இறந்த ஜாக்கிக்காக நன்கொடைப் பட்டியல் திறப்பதும் கச்சேரி வைப்பதும் வழக்கம். 'விதவையும் நான்கு குழந்தைகளும்' என்ற எண்ணிக்கையைச் சான்றிதழில் உள்ள பிள்ளைகளோடு ஒப்பிடுங்கள். சான்றிதழில் ஒன்று குறைந்தால் கருவில் இருந்த பிள்ளையா என்று அடுத்த ஒன்பது மாதப் பிறப்புப் பதிவில் பார்க்க வேண்டும்.

ஏழாம் படி: கல்லறை, உயில், பாதுகாப்பு இல்லம்

கல்லறைக் கல் இருந்தால் படம் எடுப்பதோடு விடாதீர்கள். கல்லை நண்பர்களோ பந்தய வட்டாரமோ பிறகு வைத்திருக்கலாம். கல்லறை நிர்வாகத்தின் பதிவேட்டில் அந்த இடத்தை யார் வாங்கினார், அதே குழியில் பின்னர் யார் யார் அடக்கமானார்கள் என்பது இருக்கும். மூவர் அடக்கமான குழியில் மூவருக்கும் உறவு இருக்கவே வாய்ப்பு அதிகம்.

உயில் பற்றி அதிக எதிர்பார்ப்பு வேண்டாம். 21 வயது நிரம்பாதவர்கள் பொதுவாக உயில் எழுதியிருக்க மாட்டார்கள். ஆனால் வெற்றிகரமான ஜாக்கி உயில் இல்லாமல் இறந்திருந்தால், சொத்தை நிர்வகிக்க அனுமதி கேட்டு மனைவியோ தகப்பனோ தந்த மனு இருக்கும். அதில் உறவு முறை சத்தியப் பிரமாணமாக எழுதப்பட்டிருக்கும்.

பெற்றோரே அகப்படாத பையன் என்றால் அரசின் பராமரிப்பில் வளர்ந்தவரா என்று பாருங்கள். விக்டோரியாவில் அப்படிப்பட்ட குழந்தைகளின் பதிவேடுகள் 1864இல் தொடங்குகின்றன. விபிஆர்எஸ் 4527 தொடர். பிள்ளையை ஏன் ஒப்படைத்தார்கள், யாரிடம் வேலைக்கு அனுப்பினார்கள் என்பது அதில் இருக்கும். படிக்க மனம் கனக்கும் பதிவேடு அது.

எட்டாம் படி: அண்ணன் தம்பியின் ராணுவக் கோப்பு

முதல் உலகப் போரில் சேர்ந்தவர்களின் கோப்புகள் ஆஸ்திரேலிய தேசிய ஆவணக் காப்பகத்தில் பி2455 தொடரில் முழுமையாக இணையத்தில் உள்ளன. நெருங்கிய உறவினர் பெயரும் முகவரியும் முதல் பக்கத்திலேயே இருக்கும். ஜாக்கியின் சொந்தக் கோப்பு இல்லை என்றால் வியக்க வேண்டாம். 1914இல் குறைந்தபட்ச உயரம் 5 அடி 6 அங்குலம்; 1917இல்தான் 5 அடிக்கு இறங்கியது. குள்ளமான ஜாக்கியைத் திருப்பி அனுப்பியிருப்பார்கள், உயரமான தம்பி போயிருப்பார். தம்பியின் கோப்பிலிருந்து தாயின் முகவரியைப் பெறுவது சுலபமான குறுக்குவழி.

ஒன்பதாம் படி: கடல் கடந்த தடங்கள்

1894 ஆகஸ்டில் கால்ஃபீல்டில் வெய்ட்டர் என்ற குதிரையிலிருந்து விழுந்து இறந்த டாமி காரிகன், அக்கால விக்டோரியாவின் மிகப் புகழ்பெற்ற தடைதாண்டும் ஜாக்கி. அயர்லாந்தின் மீத் மாவட்டத்தில் பிறந்தவர். அவரைப் போன்றவர்களை அயர்லாந்துவரை பின்தொடர வேண்டுமானால் அங்குள்ள பதிவுகளின் ஓட்டைகளைத் தெரிந்திருக்க வேண்டும். கத்தோலிக்கர் உட்பட அனைவரின் பிறப்பும் அரசுப் பதிவில் ஏறியது 1864 முதல்தான். 1922இல் டப்ளின் ஆவணக் காப்பகம் தீக்கிரையானபோது பழைய மக்கள்தொகைக் கணக்குகளில் பெரும்பகுதி அழிந்தது. எஞ்சியிருப்பவற்றில் முதன்மையானவை கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகள் (பங்கு என்பது ஒரு தேவாலயத்துக்கு உட்பட்ட வட்டாரம்). 1880 வாக்கில் முடியும் அந்தப் பக்கங்களை அயர்லாந்து தேசிய நூலகம் இலவசமாகத் தருகிறது. பங்கின் பெயர் தெரியாமல் உள்ளே போனால் கரை சேர முடியாது. சான்றிதழில் உள்ள 'குடியேற்றத்தில் இத்தனை ஆண்டு' என்பதை இறந்த ஆண்டிலிருந்து கழித்து, கப்பல் பயணிகள் பட்டியலில் குடும்பத்தைப் பிடித்து, அதில் சொந்த ஊர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள்.

இங்கிலாந்தில் நிலைமை வேறு. 1862இல் கிராண்ட் நேஷனல் என்ற தடைதாண்டும் பந்தயத்தில் விழுந்து இறந்த ஜோசஃப் வின், அந்தப் பந்தயத்தில் உயிரிழந்த ஒரே ஜாக்கி. தகப்பன் டென்னி வின் 1847இல் மேத்யூ குதிரையில் அதே பந்தயத்தை வென்றவர். ஆனால் அக்கால ஆங்கிலேய இறப்புச் சான்றிதழில் பெற்றோர் பெயருக்குக் கட்டமே இல்லை. இப்படிப்பட்ட உறவைச் சான்றிதழால் நிறுவ முடியாது, பத்திரிகைகளும் பங்குப் பதிவேடுகளும்தான் வேண்டும்.

வெளிநாட்டில் இறந்தவரை உள்நாட்டுப் பதிவில் தேடக் கூடாது. டெல்டா, டோபரோவா குதிரைகளில் 1951, 1955 மெல்பர்ன் கோப்பைகளை வென்ற நெவில் செல்வுட், 1962 நவம்பரில் பாரிஸ் அருகே மெய்சோன்-லஃபித் மைதானத்தில் விழுந்து இறந்தார். அவரது இறப்புப் பதிவு அந்த ஊர் நகர மன்றத்துக்கு உரியது. பிரெஞ்சு இறப்புப் பதிவில் பிறந்த இடம், பெற்றோர், துணைவர் பெயர் எல்லாம் எழுதுவது வழக்கம்.

ஆஸ்திரேலிய, ஆங்கிலேய ஜாக்கிகள் சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் ஓட்டினார்கள். சிங்கப்பூருக்கு அந்நாட்டு நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளம் போதும். சென்னை மாகாணத்தில் இறந்த ஐரோப்பியர் என்றால் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் என்/2 தொடரைப் பாருங்கள். சென்னையின் திருமுழுக்கு, திருமண, அடக்கப் பதிவுகள் அதில் உள்ளன. கிண்டியிலோ ஊட்டியிலோ இறந்த இந்திய ஜாக்கிக்கு அந்தத் தொடர் உதவாது. மாநகராட்சி அல்லது நகராட்சி இறப்புப் பதிவேட்டைக் கேட்க வேண்டும். கூடவே, குற்றவியல் நடைமுறைச் சட்டம் 174ஆம் பிரிவின் கீழ் காவல் நிலையம் நடத்திய பிரேத விசாரணை அறிக்கை கிடைக்குமா என்று பாருங்கள். 2024 ஜூலை முதல் அது புதிய சட்டத்தின் 194ஆம் பிரிவு.

பத்தாம் படி: முடிச்சுப் போடுவதும் உறவினரை அணுகுவதும்

இந்த ஜாக்கி இந்தப் பெற்றோரின் மகன் என்று எழுத, ஒன்றையொன்று பார்த்து எழுதாத இரண்டு ஆவணங்களாவது வேண்டும். அவற்றில் ஒன்று குடும்பத்தார் வாயிலிருந்து வந்ததாக இருக்க வேண்டும். மூன்று பத்திரிகைகள் ஒரே தந்தியை அச்சிட்டிருந்தால் அது ஒரு சாட்சிதான். இணையத்தில் பிறர் போட்ட குடும்ப மரங்கள் சாட்சிக் கணக்கில் வராது, துப்பாக மட்டும் பயன்படுத்துங்கள். பெயரும் வயதும் பொருந்தும் பிறப்புப் பதிவு கிடைத்துவிட்டால் உடனே மகிழ்ந்துவிடாமல், அந்தக் குழந்தை சிறுவயதிலேயே இறந்துவிட்டதா என்று இறப்புப் பதிவில் ஒருமுறை பாருங்கள். அதே பெயரை அடுத்த பிள்ளைக்கு வைக்கும் வழக்கம் அன்று சாதாரணம்.

உறவினரைக் கண்டுபிடித்த பின் முதல் கடிதத்திலேயே விசாரணைக் கோப்பை அனுப்ப வேண்டாம். மருத்துவர் வாக்குமூலத்தில் காயங்கள் விவரமாக இருக்கும். பையன் குதிரையை அடித்து ஓட்டினானா, தவறு யாருடையது என்ற வாதமும் இருக்கும். இப்படி ஒரு கோப்பு இருக்கிறது, வேண்டுமானால் அனுப்புகிறேன் என்று மட்டும் எழுதுங்கள். சமீப காலத்தில் இறந்தவர் என்றால் பெற்றோர், மனைவி, பிள்ளைகள் பெயரை அவர்கள் சம்மதமின்றி வெளியிடக் கூடாது. முதல் கடிதத்தில் கேட்க ஏற்றது புகைப்படம். பின்புறத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து அனுப்பச் சொல்லுங்கள். எடுத்த ஸ்டூடியோவின் பெயரும் ஊரும் அங்கேதான் அச்சாகியிருக்கும்.